வெறுங்கையோடு வந்த சம்பந்தி

பாப்பாத்திக்கு ஓட்டுரிமை வந்தது இருபத்தொரு வயதில். பொதுத் தேர்தலில் முதல் ஓட்டைப் போட்டது நாற்பத்தேழாவது வயதில். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் அவளுக்குக் கோபம். அவள் குடியிருந்த வட்டாரத்தில் ஆளுங்கட்சியை எதிர்த்து நிற்க ஆள் வராது. போட்டி இல்லையென்றால் ஓட்டும் இல்லை. வேட்புமனு நாளன்று மத்தியானமே எல்லாம் முடிந்துவிடும். ஜெயித்தவர்கள் லாரியில் ஏறி நின்று கையாட்டிக்கொண்டு போவார்கள், இவள் மார்க்கெட் பையோடு ஓரமாக நின்று பார்ப்பாள். கல்யாணமாகி வேறு வட்டாரத்துக்குப் போனாள். அங்கேயும் அதே கதைதான்.

"எனக்குன்னு வந்து வாய்க்குது பாருங்க" என்று புருஷன் மாணிக்கத்திடம் பொருமுவாள். மாணிக்கம் சாங்கி விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். தூக்கம் கிடைத்தால் போதும், வேறு சொர்க்கம் வேண்டாம் அவருக்கு. "வரிசையில நிக்கிற வேலை மிச்சம்னு நெனைச்சுக்க" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

பாசிர் ரிஸ்ஸுக்கு வீடு மாறி வந்த பிறகுதான் அந்தப் பாக்கியம் கிடைத்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் குனிந்து நின்று, கோடு தாண்டாமல் கவனமாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். யாருக்குப் போட்டாள் என்று மாணிக்கத்திடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்!

அப்படிப்பட்டவளிடம் போய், இந்தத் தடவை நம் தொகுதியில் போட்டி இருக்காதாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் சும்மா இருப்பாளா? அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சின்னக் கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாடாமல்லி நிறத்தில் டி-சட்டை. நடுவில் வேட்பாளர் ஹஸீனா, முப்பத்தெட்டு வயது வழக்கறிஞர். பாப்பாத்தி நேராகப் போய் நின்றாள்.

"நிக்கிறீங்களா, இல்ல கடைசி நேரத்துல கம்பிய நீட்டிருவீங்களா?"

ஹஸீனா சிரிக்கவில்லை. "நிக்கணும்னுதான் இருக்கேன்க்கா. வீடு வீடா போக ஆள் பத்தல."

"நான் வர்றேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உங்க மேல எனக்குப் பெரிய நம்பிக்கைன்னு நெனைச்சுக்காதீங்க. நான் சிராங்கூன் ரோட்டுல புடவை விக்கிறவ. ஒரே ஒரு புடவைய விரிச்சுப் போட்டு, 'இதான் இருக்கு, எடுத்துக்க'ன்னா எவ எடுப்பா? ரெண்டாவது விரிக்கணும். அதுக்குத்தான் வர்றேன்."

"அது போதும்க்கா" என்றாள் ஹஸீனா.

முப்பது வருஷம் புடவைக் கடையில் நின்ற கால் அது. வருகிறவர்களில் பாதிப் பேர் "பாத்துட்டு வர்றேன்" என்று போய்த் திரும்பாதவர்கள். அதனால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாலும் பாப்பாத்தி கலங்குகிறவள் இல்லை. சாத்திய கதவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போகிற ரகம்.

ஆனால் முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. அவள் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து முறுக்கு சுட்டு, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, பெரிய பை நிறையத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் குழுவுக்குத் தலைவன் கபிலன், கணினி வேலை பார்க்கும் இளைஞன். பைக்குள் எட்டிப் பார்த்தவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆன்ட்டி! என்னது இது?"

"முறுக்கு. வீட்டுக்கு ஒரு பொட்டலம்."

"ஐயோ, ஓட்டு கேக்கப் போற எடத்துல சாப்பிடக் குடுக்கக் கூடாது. குத்தம். லஞ்சம் மாதிரி. ஹஸீனாக்காவ கோர்ட்டுல நிறுத்திருவாங்க லா!"

"ரெண்டு முறுக்குக்கா?"

"அரை முறுக்குன்னாலும் கேஸ்தான், ஆன்ட்டி."

"நல்லாருக்கே உங்க சட்டம்! ஒருத்தர் வீட்டு வாசல்ல வெறுங்கைய வீசிக்கிட்டுப் போய் நிக்கறதா? எங்கம்மா எந்திரிச்சு வந்து அடிப்பா."

கடைசியில் முறுக்கைத் தொண்டர்களே மாடிப்படியில் உட்கார்ந்து காலி செய்தார்கள். பாப்பாத்தி இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். டி-சட்டைக்கு ஏது முந்தானை? துண்டுச்சீட்டுக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதல் கதவைத் தட்டினாள்.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று நாலு புளோக் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் தனசேகரன்.

தனசேகரன் அவளுக்குச் சம்பந்தி ஆகப் போகிறவர். அவர் மகன் ஸ்ரீராமும் பாப்பாத்தியின் மகள் வர்ஷாவும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டுக்கும் சொன்னார்கள். பூ வைத்தாகிவிட்டது. தேர்தல் முடிந்த அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மனிதர் ஒன்றும் கெட்டவர் இல்லை. ஆளுங்கட்சியின் உள்ளூர்க் கிளையில் இருபத்தைந்து வருஷம் உழைத்தவர். யார் வீட்டில் சாவு என்றாலும் கூடாரம் போட முதலில் வந்து நிற்கிறவர். ஒரே ஒரு குறை, அந்தப் பக்கத்துக் காற்றும் தன்னைக் கேட்டுத்தான் வீச வேண்டும் என்று நினைப்பவர்.

தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பு, நிச்சயப் புடவை எடுக்க அவரும் மனைவி சுசீலாவும் பாப்பாத்தியின் கடைக்கே வந்திருந்தார்கள். சுசீலா அதிகம் பேசாதவர். வாடாமல்லி நிறத்தில் ஒரு காஞ்சிபுரம் விரித்ததும் அவர் கை அதன்மேல் போய் நின்றுவிட்டது. "நம்ம வர்ஷா கலருக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

"இதுவா?" தனசேகரன் சிரித்தார். "எதிர்க்கட்சிக் கலர்! பச்சைய எடு. பச்சைதான் மங்களம்."

சுசீலா கையை எடுத்துக்கொண்டார். பச்சைப் புடவைக்குப் பில் போட்டது பாப்பாத்திதான்.

பிரசாரம் தொடங்கிய அன்று வர்ஷா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, மொத்தம் ஒன்பது நாள். வீட்ல இருங்க. உங்களுக்கு ஓட்டுப் போடணும், அவ்ளோதானே? போடுங்க. எதுக்கு டி-சட்டை போட்டுக்கிட்டு அலையணும்? ஸ்ரீராம் அப்பா பாத்தா என்ன ஆகும்?"

"பாக்கட்டும். நான் என்ன திருடவா போறேன்?"

"அட்லீஸ்ட் மாஸ்க் போட்டுக்கிட்டுப் போங்கம்மா. ப்ளீஸ்."

"முகத்த மூடிக்கிட்டு ஓட்டு கேக்கச் சொல்றியா? போடி!"

மாணிக்கம் படுக்கையிலிருந்தே, "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி? ஏதாவது ஒண்ண விடு" என்றார். பாப்பாத்தி எதையும் விடுவதாக இல்லை. கூழும் என்னுடையது, மீசையும் என்னுடையது என்கிற மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. லிப்ட்டில் மேல் மாடிக்கு ஏறி, படியில் ஒவ்வொரு மாடியாக இறங்குவார்கள். சீனக் கிழவி ஒருத்தி பாப்பாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தன் முழங்கால் வலியைச் சொன்னாள். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது நாலே நாலு மலாய் வார்த்தை, அது போதுமானதாக இருந்தது. தமிழ்க்காரர் ஒருவர் கம்பிக் கதவுக்குள் நின்றபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஓட்டுச் சீட்டுல நம்பர் போட்டிருக்காம்மா. யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சுருவாங்களாம்."

"லட்சக்கணக்கான சீட்டக் கொட்டி உங்களது எதுன்னு தேட யாருக்குண்ணே நேரம் இருக்கு? உங்க ஓட்டு உங்களுக்கும் சாமிக்கும்தான் தெரியும். எங்களுக்குப் போடுறீங்களோ இல்லையோ, பயந்துகிட்டு மட்டும் போடாதீங்க."

கடைசி நாளைக்கு முந்தின நாள் கபிலன் தயங்கித் தயங்கி வந்தான். "ஆன்ட்டி, இன்னைக்கு நம்மளுக்கு வந்திருக்கிறது உங்க சம்பந்தி புளோக். நீங்க லீவ் எடுத்துக்குங்க. நான் பாத்துக்கிறேன்."

பாப்பாத்தி யோசித்தாள். யோசிக்காமல் இருக்க அவள் கல் இல்லை. பூ வைத்த பிறகு பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதித்தால் தட்டோடுதான் மிதிக்க வேண்டும். பழம், வெற்றிலை, பூ. வெறுங்கையோடு போனால், உங்கள் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லாமல் சொல்வது. தட்டோடு போனாலோ, ஓட்டுக் கேட்கிறவள் கொடுத்த பழம் என்று கேஸாகும். இரண்டும் வேண்டாம் என்றால் அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டு நழுவலாம். யாரும் கேட்கப் போவதில்லை. முந்தின நாள்தான் ஒரு மனிதரிடம் பயப்படாதீர்கள் என்று வாய் கிழியப் பேசிவிட்டு வந்திருந்தாள்.

"எல்லாக் கதவையும் தட்டுறோம்னா எல்லாக் கதவையும்தான். வா" என்றாள்.

ஏழாவது மாடியில் தனசேகரனின் மரக்கதவு திறந்திருந்தது, கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாத்தியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி எழுந்தவர், டி-சட்டையைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றார். சுசீலா சமையலறை வாசலுக்கு வந்தார். அவர் கண் பாப்பாத்தியின் கைகளைத் தேடியது. கைகளில் துண்டுச்சீட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

"வணக்கம்ணே, வணக்கம் அண்ணி. நான் உள்ள வரல. இன்னைக்கு நான் சம்பந்தியா வரல. வெறுங்கையா வந்திருக்கேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சட்டம் அப்படி. தட்டோட வர்ற அன்னைக்கு இந்தச் சட்டை இருக்காது. எங்க வேட்பாளர் ஹஸீனாவுக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கேன்."

"என் வாசல்லயேவா?" தனசேகரனின் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன. "பொண்ணக் குடுக்கப் போற எடத்துல வந்து இப்படி அசிங்கப்படுத்துவீங்களாம்மா? இந்தப் புளோக்குல இருபத்தஞ்சு வருஷமா நான் தலை நிமிந்து நடந்தவன்!"

"இப்பவும் நிமிந்தே நடங்கண்ணே. ஒருத்தர் வந்து ஓட்டு கேட்டா தலை குனிஞ்சிருமா? நீங்க எங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்து கேட்டிருக்கீங்க! நான் காப்பி போட்டுக் குடுத்துக் கேட்டேன்ல?"

"அது வேற!"

"என்ன வேற?"

பாப்பாத்தி கம்பிக் கதவுக்குள் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் இன்னொன்றை எடுத்து அவரைத் தாண்டிச் சுசீலா பக்கம் நீட்டினாள். "அண்ணி, உங்ககிட்டயும் தனியா கேக்கணும். உங்களுக்கும் ஒரு ஓட்டு இருக்கு."

"எங்க வீட்ல எல்லாம் ஒரே ஓட்டுதான்!" என்று தனசேகரன் கம்பிக் கதவுக்குப் பின்னால் இருந்த மரக்கதவையும் சாத்தினார். பாப்பாத்தி சாத்திய கதவுக்கு வழக்கம்போல ஒரு வணக்கம் வைத்தாள். பிறகு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "தண்ணி இருந்தா குடுப்பா" என்று கபிலனிடம் கேட்டாள்.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. வர்ஷா கையில் போனோடு நடுக்கூடத்தில் நின்றாள், கண்ணெல்லாம் சிவந்து. "நிச்சயத்தத் தள்ளி வைக்கணுமாம். யோசிக்கணுமாம். சந்தோஷமா உங்களுக்கு? நான் முக்கியமா, அந்தக் கட்சி முக்கியமா?"

"நீதான் முக்கியம். இதுல என்ன கேள்வி? கட்சி நாளைக்கு என்னை மறந்துரும்." பாப்பாத்திக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. "ஆனா ஒண்ணு கேட்டுக்கடி. இப்ப நான் பம்மிட்டேன்னா, நாளைக்கு நீ அந்த வீட்டுல வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும். பயந்து குடுத்த பொண்ணா நீ அங்க போகக் கூடாது. ஸ்ரீராமுக்கு உன்னைப் பிடிச்சிருந்தா, உன் அம்மா வாயையும் சேத்துத்தான் கட்டிக்கணும்."

வர்ஷா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவைத் தட்டும் தைரியம் மட்டும் பாப்பாத்திக்கு வரவில்லை.

வாக்களிப்புக்கு முந்தின நாள் பிரசார ஓய்வு நாள். யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது, கட்சிச் சின்னம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பாப்பாத்தி அதற்காகவே காத்திருந்தாள். அலமாரியில் இருந்த நல்ல புடவைகளில் வாடாமல்லி நிறத்தை ஒதுக்கிவிட்டு மஞ்சள் புடவை கட்டினாள். பித்தளைத் தட்டில் ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப் பூ வைத்து, மஞ்சள் துணி மூடி முடிச்சுப் போட்டாள். மாணிக்கம் ஒரு நாள் தூக்கத்தைத் தியாகம் செய்து கூட வந்தார். மகளுக்காக அவர் அதையும் செய்வார்.

தனசேகரன் உட்காரச் சொன்னார். சுசீலா காப்பி கொண்டுவந்து வைத்தார். ஊரே வாயைக் கட்டிக்கொண்ட நாளில் இந்த இரண்டு சம்பந்திகளும் என்னதான் பேசுவார்கள்?

"அரசியல் பேசல" என்று தனசேகரனே ஆரம்பித்தார். "குடும்ப விஷயமாத்தான் கேக்கிறேன். நாளைக்கு ஓட்டு எண்ணுற எடத்துல அந்தப் பொண்ணுக்கு முகவரா நீங்க உக்காரப் போறதா கேள்விப்பட்டேன். எங்காளுங்க எல்லாரும் அங்க இருப்பாங்க. போக மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நடந்ததெல்லாம் நான் மறந்துர்றேன். தட்ட எடுத்துக்கிறேன்."

மாணிக்கம் மனைவியைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. வர்ஷாவின் சிவந்த கண்கள் பாப்பாத்தியின் முன்னால் வந்து நின்றன.

"அந்த வார்த்தைய சொல்ல மாட்டேண்ணே. போவேன். ஆனா இந்தத் தட்டையும் திருப்பி எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். என் பொண்ணுக்காகக் கொண்டாந்தது. எடுக்கறதும் திருப்பறதும் உங்க இஷ்டம்."

மேசை மேல் தட்டை வைத்துவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பினாள். பெண் வீட்டுத் தட்டை மாப்பிள்ளை வீட்டார் காலியாகத் திருப்புவதில்லை. பழத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஏதாவது வைத்துத்தான் தருவார்கள். வைத்தது வைத்தபடி திரும்பி வந்தால் சம்பந்தம் முறிந்தது என்று பொருள். வாயைத் திறந்து யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பாப்பாத்தி ஓட்டுப் போட்டாள். சாயங்காலம் எண்ணும் இடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் வர்ஷா ஒரு சாப்பாட்டு டப்பாவோடு நின்றாள். டப்பாவை அம்மாவின் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அதைத் திறந்து தயிர்ச்சாதத்தைப் பார்த்தபோதுதான் பாப்பாத்தி அழுதாள், அதுவும் எதிர்க்கட்சி ஆளுங்கட்சி என்று எல்லா முகவர்களுக்கும் நடுவில்.

ஹஸீனா தோற்றுப் போனாள். இழுபறி எல்லாம் இல்லை, நன்றாகவே தோற்றாள். ஆனால் அந்த ஓட்டுகளைப் பிரித்து அடுக்கியபோது வாடாமல்லிக்கென்று ஒரு கட்டு உயர்ந்துகொண்டே போனதைப் பாப்பாத்தி தன் கண்ணால் பார்த்தாள். கதவைச் சாத்திய வீடுகளிலிருந்தும் சில வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சுசீலா நிற்கிறார். தனியாக. கையில் அதே பித்தளைத் தட்டு, அதே மஞ்சள் துணி, அதே முடிச்சு.

பின்னால் வந்து நின்ற வர்ஷா, "அம்மா" என்று மட்டும் சொன்னாள். பாப்பாத்தி இரண்டு கைகளாலும் தட்டை வாங்கினாள். பழத்தட்டின் கனம் இல்லை.

"பிரிச்சுத்தான் பாருங்களேன்" என்றார் சுசீலா.

முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வாடாமல்லிப் பட்டு, மேலே ஒரு முழம் பூ. அவள் கடையில் அவளே விரித்துக் காட்டிய அதே காஞ்சிபுரம்.

"பச்சைய மாத்திட்டேன். நீங்க கடையில இல்லாத நாளாப் பாத்துப் போனேன்" என்றார் சுசீலா. "இருபத்தஞ்சு வருஷமா அவர் கூடவே வீடு வீடா போயிருக்கேன் பாப்பாத்தி. ஊர்க் கதவெல்லாம் தட்டியிருக்கேன். என்கிட்ட தனியா வந்து, உனக்கும் ஒரு ஓட்டு இருக்குன்னு கேட்டது நீங்க ஒருத்தங்கதான்."

"அண்ணே... ஒரே ஓட்டுன்னாரே அண்ணி?"

"தட்ட அப்படியே திருப்பிக் குடுன்னுதான் சொன்னாரு. ஸ்ரீராமுக்கு நானும்தான் அம்மா, இந்த வீட்ல ரெண்டு ஓட்டுன்னு சொல்லிட்டுப் பழத்த எடுத்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சேன். பேச்சு மூச்சு இல்ல. கார் மட்டும் எடுத்தாரு. கீழதான் உக்காந்திருக்காரு. மேல வர மாட்டாராம்."

"புடவைய பாத்துட்டாரா?"

"நிச்சயத்தன்னைக்கு நாலு பேரோட சேந்து பாக்கட்டும்."

வர்ஷா சுசீலாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாப்பாத்தி தாழ்வாரச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். கார்ப் பேட்டையில் தனசேகரனின் கார், எல்லாக் கண்ணாடியும் ஏற்றியபடி. "அண்ணே! மேல வாங்க!" என்று அத்தனை மாடிக்கும் கேட்கக் கத்தினாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டது முன்கண்ணாடி வழியாக மேலிருந்து நன்றாகத் தெரிந்தது.

அப்படியா சேதி? பாப்பாத்தி சமையலறைக்குப் போனாள். பொட்டலம் கட்டியது போக டின்னில் மிச்சம் இருந்த முறுக்கை ஒரு டப்பாவில் கொட்டினாள். தேர்தல் முடிந்துவிட்டது. இனி எந்தச் சட்டமும் அவள் கையைப் பிடிக்க முடியாது. லிப்ட் வரக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியிலேயே இறங்கி, காரருகே போய்க் கண்ணாடியைத் தட்டினாள். அவர் திறக்கிற வரைக்கும் தட்டினாள்.